பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு தியேட்டர்

சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காதுப் பயிற்சி இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. திருத்தங்கலோ சாட்சியாபுரமோ விஸ்வநத்தமோ, அங்கே வளர்ந்த ஒருவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கொஞ்ச தூரத்தில் ஒரு லட்சுமி வெடியைப் போடுங்கள். கண்ணைத் திறக்காமலே, "கோயில் முக்குல, வேப்பமரத்துக்கு அங்கிட்டு" என்று விரலை நீட்டிவிடுவார். தூரத்தைக்கூடச் சொல்வார்கள். ராக்கெட் மேலே போய் வெடிக்கும் வெளிச்சத்தைப் பார்த்ததிலிருந்து எண்ண ஆரம்பிக்க வேண்டும். சத்தம் வந்து சேர மூன்று நொடி ஆனால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நம் வெக்கையான காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது.

தீபாவளிக்குச் சம்பந்தமில்லாத ஒரு நண்பகலில் கனமான வெடிச்சத்தம் கேட்டால், இந்த ஊர்ப் பெரியவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வருவார்கள். எல்லாரும் ஒரே திசையைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் எந்தப் பட்டாசு ஆலை, யார் வீட்டு ஆள் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார் என்பதுதான் அடுத்த பேச்சு. காது திசை சொல்வது இங்கே விளையாட்டு மட்டும் இல்லை.

நான் சொல்ல வந்ததோ ஹோம் தியேட்டர் வாங்குவதைப் பற்றி. கல்லூரி திறக்கும் மாதங்களில் அண்ணன்களும் அக்காக்களும் பெட்டி படுக்கையோடு ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறார்கள். சிலர் சிவகாசியிலேயே மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரிக்கு, சிலர் விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரிக்கு, சிலர் கிருஷ்ணன்கோயில் கலசலிங்கத்துக்கு. போய்ச் சேர்ந்த சில வாரத்தில் வீட்டுக்கு போன் வரும்: "ரூமுக்கு ஒரு 5.1 செட் போடலாம்னு இருக்கோம், ஆளுக்குக் கொஞ்சம் காசு." இந்த விஷயத்தில் அண்ணனுக்கு யோசனை சொல்ல எட்டாம் வகுப்புப் படிக்கும் உங்களால் முடியும். கடையில் 'சரவுண்ட்' என்ற பெயரில் விற்பதெல்லாம், வெடி விழுந்த மூலையைக் கண்டுபிடிக்கும் உங்கள் காதை ஏமாற்றும் வித்தைதான். ஏமாறும் ஆள் எப்படிக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டால், எந்த வித்தைக்குக் காசு கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

வலப்பக்கம் வெடித்த சத்தம் வலக்காதைத்தான் முதலில் தொடும். தலையைச் சுற்றி இடக்காதுக்குப் போகக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். நேர் வலப்பக்கத்திலிருந்து வந்தால்கூட அந்தக் கூடுதல் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். சரியாகச் சொன்னால் சுமார் 0.6 மில்லி நொடி. இதை மூளை அளக்கிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. விசில் மாதிரியான கீச்சு ஒலிகளின் அலை குட்டையானது. நம் தலை அதை மறித்துவிடும். அதனால் மறுபக்கக் காதில் அந்த ஒலி மங்கலாகவே கேட்கும். முரசு மாதிரியான தாழ்ந்த ஒலியின் அலையோ நீளம்; தலையை வளைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே கீச்சு ஒலிக்கு 'எந்தக் காதில் சத்தம் அதிகம்' என்றும், தாழ்ந்த ஒலிக்கு 'எந்தக் காதுக்கு முதலில் வந்தது' என்றும் மூளை பார்க்கிறது. இதை 1907இல் விளக்கி எழுதியவர் இங்கிலாந்தின் ராலே பிரபு. ஆர்கான் வாயுவைக் கண்டுபிடித்ததற்காக 1904இல் நோபல் பரிசு வாங்கியவர். அந்தக் காலத்து விஞ்ஞானிகள் வாயுவில் ஆரம்பித்துக் காதில் வந்து நிற்பார்கள், யாரும் தடுக்கவில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க, ஒரு மீட்டர் நீளமுள்ள, வளையும் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளையும் இரண்டு காதுகளில் வைத்து, குழாயை முதுகுப் பக்கம் தொங்க விடுங்கள். நண்பர் பென்சிலால் குழாயின் நட்ட நடுவில் மெதுவாகத் தட்டட்டும். பிறகு ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தட்டட்டும். "இடப்பக்கம் போயிருச்சு" என்று உடனே சொல்வீர்கள். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு காதுக்கு வழி ஒரு சென்டிமீட்டர் குறைகிறது, மற்றதற்கு ஒரு சென்டிமீட்டர் கூடுகிறது. மொத்த வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர். அதைக் கடக்க ஒலிக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய 17,500இல் ஒரு பங்கு. எந்தக் கைக்கடிகாரமும் காட்டாத நேரம் அது.

அடுத்த சோதனைக்கு நம்மூர்ச் சரக்கு போதும். தீப்பெட்டியிலிருந்து குச்சிகளையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, நாலைந்து துவரம்பருப்பைப் போட்டு மூடுங்கள். சிவகாசிப் பெட்டி, விருதுநகர்ப் பருப்பு. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடுவில் உட்காரட்டும். மற்றவர்கள் சுற்றி நின்று மாறி மாறி அதைக் குலுக்கட்டும். இடம் வலம் தப்பவே தப்பாது. பெட்டியை நேர் முன்னால், நேர் பின்னால், உச்சந்தலைக்கு மேல் பிடித்துக் குலுக்கும்போதுதான் தடுமாற்றம் வரும். அங்கே இரண்டு காதுக்கும் ஒலி ஒரே நேரத்தில், ஒரே அளவில் போய்ச் சேருகிறது. ஒப்பிட எதுவும் இல்லை. அப்போது கைகொடுப்பது காது மடல். அதன் மடிப்புகளில் பட்டு வரும்போது முன்னால் வந்த ஒலியும் பின்னால் வந்த ஒலியும் கொஞ்சம் வேறு வேறாக மாறிவிடுகின்றன. உட்கார்ந்திருப்பவரின் காது மடலை விரலால் முன்பக்கம் மடக்கி வைக்கச் சொல்லிவிட்டு மறுபடி குலுக்குங்கள். நன்றாகக் குழம்புவார்.

வெடியும் தீப்பெட்டியும் பட்டென்று ஆரம்பிக்கிற சத்தங்கள். அதனால் திசை சுலபமாகப் பிடிபடுகிறது. ராத்திரி அலமாரிக்குப் பின்னால் விடாமல் கத்தும் சில்வண்டை டார்ச் அடித்துத் தேடியிருக்கிறீர்களா? ஒரே சுருதியில் இழுக்கும் சத்தத்துக்கு மூளையால் சுலபமாக இடம் குறிக்க முடியாது. அறைக்குள் பேஸ் என்கிற தாழ்ந்த சத்தமும் அப்படித்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சப் வூஃபர் வாங்கும்போது தேவைப்படும்.

இரண்டு காதை ஏமாற்ற இரண்டு கருவி வேண்டும் என்று 1881இலேயே தெரிந்துவிட்டது. அந்த வருடம் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் ஆடேர் என்பவர் நாடக அரங்கின் மேடையில் டெலிபோன் மைக்குகளை வரிசையாக வைத்தார். கண்காட்சிக்கு வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு ரிசீவரைக் காதுக்கொன்றாக வைத்து, மேடையில் பாடகர் இடமிருந்து வலம் நடப்பதைக் கேட்டார்கள். அப்புறம் ஐம்பது வருடம் கழித்து ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வருகிறார். லண்டனில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையின் ஓரத்தில் நிற்கும் நடிகரின் குரல் வேறெங்கோ இருக்கும் ஒற்றை ஸ்பீக்கரிலிருந்து வருவது அவருக்குப் பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். 1931 டிசம்பரில் இரு வழி ஒலிக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று நாம் ஸ்டீரியோ என்பது அங்கே தொடங்கியது. இவர் பிறந்தது 1903 ஜூன் 29. விருதுநகரில் காமராஜர் பிறந்தது அதே வருடம் ஜூலை 15. பதினாறு நாள்தான் வித்தியாசம். அறிவியலுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை, ஆனால் விருதுநகர்க்காரர்களிடம் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1940இல் வால்ட் டிஸ்னி தன் 'ஃபாண்டேசியா' படத்துக்காக அரங்கைச் சுற்றி ஒலி வரும்படி செய்தார். கருவிகளின் விலை தாங்காமல் மிகச் சில அரங்குகளோடு அது நின்றுபோனது. 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிட்டல் என்ற ஒலி முறை வந்தபோதுதான் 5.1 என்ற ஏற்பாடு நிலைத்தது. 2012 டிசம்பரில் 'சிவாஜி' படத்தின் முப்பரிமாண வடிவம் வந்தபோது, தலைக்கு மேலிருந்தும் ஒலிக்கும் டால்பி அட்மாஸ் தமிழுக்கு வந்து சேர்ந்தது.

5.1இல் ஐந்து என்பது ஐந்து ஸ்பீக்கர்கள். முன்னால் நடுவில் ஒன்று, அது பெரும்பாலும் வசனத்துக்கு. அதற்கு இரண்டு பக்கமும், உங்கள் மூக்கு நேரிலிருந்து 30 பாகை விலகி ஒவ்வொன்று. காதுக்குச் சற்றுப் பின்னால், சுமார் 110 பாகையில் இரண்டு. மிச்சமிருக்கும் அந்த .1 தான் சப் வூஃபர். மற்ற ஐந்தும் முழு ஒலியையும் பாட, இதற்கென்று படத்தில் ஒதுக்கியது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலி மட்டும். அந்தச் சிறு துண்டுக்கு ஒரு முழு எண் கொடுக்க மனமில்லாமல் .1 என்றார்கள்.

இப்போது அண்ணனின் அறைக்குப் போவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி. இரண்டு மூன்று இரும்புக் கட்டில், ஒரு பக்கம் அலமாரி, ஒரு பக்கம் ஜன்னல், கீழே டைல்ஸ், மேலே காங்கிரீட். பின் ஸ்பீக்கர் எங்கே? காதுக்குப் பின்னால் பக்கத்துக் கட்டில்காரரின் தலையணை இருக்கிறது. முன்னால் நடு ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் லேப்டாப். ஐந்து ஒயர்கள் மூன்று பேர் கால்களுக்கு நடுவே ஓட வேண்டும். கடைசியில் இரண்டு பின் ஸ்பீக்கர்களும் ஒன்றன் மேல் ஒன்றாக அலமாரி உச்சியில் ஏறி உட்கார்ந்துவிடும். அது 5.1 இல்லை. ஐந்து பெட்டி வைத்திருக்கும் அறை, அவ்வளவுதான்.

இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அறை சும்மா இருக்காது. வெறும் அறைக்குள் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். 'டங்' என்று ஒரு உலோகச் சாயலோடு சத்தம் நீளும். எதிரெதிர்ச் சுவர்களில் மாறி மாறி மோதி வருகிற ஒலி அது. ஸ்பீக்கரிலிருந்து நேராக வந்த ஒலிக்குச் சில மில்லி நொடி பின்னால் சுவரில் பட்ட ஒலியும் வந்துவிடுகிறது. நல்லவேளையாக, முதலில் வந்த ஒலி எந்தப் பக்கமோ அதைத்தான் மூளை திசையாக எடுத்துக்கொள்ளும். முப்பது மில்லி நொடிக்குள் வரும் நகல்களைத் தனிச் சத்தமாகக் கேட்காமல் அதோடு சேர்த்துக்கொள்ளும். ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் இதை அளந்து காட்டினார். ஆனால் சேர்த்துக்கொள்வதால் கெடுதலே இல்லை என்று ஆகாது. வசனத்தின் முனை மழுங்கும். பின்னால் வர வேண்டிய மழைச் சத்தம் அறை முழுக்கப் பரவிக் கிடக்கும்.

இதற்கு மருந்து பஞ்சு. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில், பேசுகிறவர் சொல்வது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆனது. அதற்குள் பத்துப் பதினைந்து சொல் மேலே வந்து விழுந்துவிடும். இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைனிடம் இந்த வேலையைக் கொடுத்தார்கள். அவர் ராத்திரி ராத்திரியாக, ஊர் அடங்கிய பிறகு, பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து பரப்புவார். ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாய் ஒன்றை ஊதவிட்டு நிறுத்தி, சத்தம் அடங்கும் நேரத்தைக் கணக்கெடுப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி எடுத்துப்போய் வைத்துவிட வேண்டும், காலையில் அங்கே ஆள் வரும். அந்த மெத்தைக் கணக்கிலிருந்துதான் கட்டட ஒலியியல் என்ற படிப்பே பிறந்தது. பெரிய அறையில் முழக்கம் அதிகம், மெத்தென்ற பரப்பு கூடக்கூட முழக்கம் குறைவு. இதை ஒரு சூத்திரமாக்கினார். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி மண்டபத்தை அந்தச் சூத்திரத்தை வைத்தே வடிவமைத்தார்கள்.

நமக்கு ராத்திரியில் மெத்தை தூக்கும் வேலை இல்லை. ராஜபாளையத்தில் பஞ்சாலைகள், சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணித் தறிகள். பஞ்சுக்கும் துணிக்கும் பஞ்சமில்லாத மாவட்டம். அண்ணன் செய்ய வேண்டியதெல்லாம் ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிடுவது, பகலில் மெத்தையைச் சுருட்டி ஒரு மூலையில் நிமிர்த்தி வைப்பது, தரையில் ஒரு ஜமுக்காளம் விரிப்பது. மறுபடி கை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த 'டங்' போயிருக்கும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது மெல்லிய காகிதக் கூழ், பெரிதாக எதையும் விழுங்காது.

பேஸ் மட்டும் போர்வைக்கெல்லாம் அடங்காது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை ஏழு மீட்டர் நீளம். அறையோ மூன்று மீட்டர். தொட்டித் தண்ணீரைக் கையால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அசைத்தால் இரண்டு ஓரத்திலும் தளும்பி ஏறும், நடுவில் அசையாமல் கிடக்கும் அல்லவா? பத்தடி அறையில் காற்று 57 ஹெர்ட்ஸுக்கு அப்படித் தளும்புகிறது. பன்னிரண்டடிப் பக்கத்துக்கு 48 ஹெர்ட்ஸ். சுவர் ஓரத்திலும் மூலையிலும் 'தும்' என்று இடிக்கும். நடுவில் வந்து நின்றால் அதே சுருதி காணாமல் போயிருக்கும். ஒரே பாட்டுக்கு, கட்டிலில் படுத்திருப்பவர் "பேஸ் ஓவர்" என்பார், நாற்காலியில் இருப்பவர் "பேஸே இல்லை" என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மை.

சப் வூஃபருக்கு நல்ல இடம் பிடிக்க ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. நீங்கள் உட்காரும் இடத்தில் சப் வூஃபரை வைத்துப் பாட்டைப் போடுங்கள். பிறகு அறை ஓரமாக முட்டி போட்டுத் தவழ்ந்து போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் பேஸ் இடிக்காமலும் காணாமல் போகாமலும் சீராகக் கேட்கிறதோ அங்கே சப் வூஃபரை வைத்துவிட்டு, நீங்கள் உங்கள் இடத்துக்குப் போய்விடலாம். பாடுகிற இடத்தையும் கேட்கிற இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் ஒலியின் பாதை ஒன்றுதான், ஆகவே இது வேலை செய்யும். சில்வண்டுப் பாடம் இங்கே உதவுகிறது: பேஸ் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறைக்குள் சரியாகத் தெரியாது என்பதால், சப் வூஃபர் கட்டிலுக்கடியில் இருந்தாலும் படம் கெட்டுப்போகாது. கல்லூரி மாணவர் தரையில் தவழ்வதைப் பார்த்து வார்டன் என்ன நினைப்பார் என்பது வேறு விஷயம்.

கடைக்குப் போகும் முன் வாட் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். ஏமாற்று இங்கேதான் அதிகம். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் '5000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று இருக்கும். அந்தப் பி.எம்.பி.ஓ.வை அளக்கப் பொது விதி எதுவும் கிடையாது; தயாரிப்பவர் நினைத்ததைப் போட்டுக்கொள்ளலாம். பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று ஒன்று இருக்கும், 40 அல்லது 60. அதுதான் தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்.

அந்த நாற்பதுகூட எதற்கு? சாதாரணச் சின்ன ஸ்பீக்கர் ஒன்று, ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தள்ளி 85 டெசிபல் வரை சத்தம் தரும். வாட்டை இரட்டிப்பாக்கினால் மூன்று டெசிபல்தான் கூடும். பத்து மடங்காக்கினால் 95. காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83க்கு 20 மணி, 86க்கு 10, அப்படியே போனால் 95க்கு வாரத்துக்கே ஒன்றேகால் மணி நேரம்தான். பத்து வாட்டில் காது இந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. மீதி வாட் எல்லாம் பக்கத்து அறைக்குத்தான்.

பட்டாசோடு ஒப்பிட்டால் டெசிபலின் உயரம் புரியும். வெடிக்கும் இடத்திலிருந்து நாலு மீட்டரில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் தரும் வெடிகளைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று 1999இல் மத்திய அரசு விதி போட்டது. சரவெடி என்றால் சரத்தில் எத்தனை வெடியோ அதைப் பொறுத்து எல்லை இன்னும் கீழே இறங்கும் என்றது அந்த விதி. வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஆறு டெசிபல் குறையும். அதனால்தான் தெருவில் தள்ளி நின்றால் தப்பிக்கிறோம். மூடிய அறையில் தள்ளி நிற்க இடமில்லை. சுவர்களும் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். வெடியின் சத்தம் ஒரு கணம், ஸ்பீக்கரின் சத்தமோ ஒரு முழுப் படம்.

சரி, கடை. விருதுநகர் பஜாரில் ஒரு கடையில் இப்படிப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணாச்சி, இந்த 5.1க்குப் பின்னாடி எத்தனை பின் இருக்கு?"

"ஒரு ஆக்ஸ் பின் இருக்கு தம்பி. புளூடூத் இருக்கு, பென்டிரைவ் போடலாம், ரிமோட் இருக்கு."

"அப்ப அஞ்சு ஸ்பீக்கருக்கும் தனித்தனிச் சத்தம் எப்படிப் போகும்?"

இந்தக் கேள்விக்குப் பிறகு அண்ணாச்சி உங்களை உட்காரச் சொல்லி டீ வாங்கித் தருவார். அல்லது அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார். ஒரு ஆக்ஸ் ஒயரில் போவது இடம், வலம் என்ற இரண்டு ஒலிகள் மட்டுமே. நம் போனிலிருந்து புளூடூத் வழியாகப் போகும் பாட்டும் இரண்டே ஒலிகள்தான். செட்டில் ஐந்து பெட்டி இருந்தாலும், வந்த இரண்டையே நகலெடுத்துப் பின் ஸ்பீக்கருக்கும் கொடுக்கும். முன்னால் பாடும் பாட்டே பின்னாலும் பாடும், சுற்றி ஒன்றும் நடக்காது. நிஜமாக ஆறு ஒலி தனித்தனியாக வர வேண்டுமானால் பின்பக்கம் மூன்று ஸ்டீரியோ பின்கள் இருக்க வேண்டும், லேப்டாப்பிலும் அதற்கு ஈடு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆப்டிகல் அல்லது எச்.டி.எம்.ஐ. வழியும், வருவதைப் பிரிக்கும் டீகோடரும் வேண்டும். குறைந்த விலைச் செட்டுகள் பலவற்றில் இவை இருப்பதில்லை. ஒற்றைக் கம்பாக வரும் சவுண்ட்பார் சுவரில் ஒலியை மோதவிட்டுப் பக்கவாட்டுச் சத்தம் காட்டுவதாகச் சொல்லும். அதற்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெறும் சுவர் வேண்டும். ஹாஸ்டலில் ஒரு பக்கம் ஜன்னல் திறந்து கிடக்கிறது, மறுபக்கம் சட்டைகள் தொங்குகின்றன.

என் யோசனை இது. அதே காசுக்கு இரண்டே இரண்டு ஸ்பீக்கர், ஆனால் உருப்படியானதாக. மேசைக்கு வைக்கும் சிறிய மரப்பெட்டி ஸ்பீக்கர் போதும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மீட்டர், ஒவ்வொன்றிலிருந்தும் தலைக்கு ஒரு மீட்டர், சமபக்க முக்கோணம். உங்கள் வடிவியல் பெட்டியில் இருக்கும் 60 பாகைதான். மேசை தாழ்வாக இருந்தால், பெட்டியின் முன்பக்கத்துக்கடியில் ஒரு அழிப்பானை வைத்து முகத்தைக் காதுப் பக்கம் நிமிர்த்துங்கள். சுவர் மூலையிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் முன்னால் இழுத்து வையுங்கள். இவ்வளவு கிட்டத்தில் உட்காரும்போது நேராக வரும் ஒலி பலமாகவும் சுவரில் பட்டு வரும் ஒலி அதைவிடப் பலவீனமாகவும் இருக்கும். சின்ன அறையின் தொல்லையைத் தாண்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

சரியாக வைத்தீர்களானால், இரண்டு பெட்டிக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத காற்றில் பாடகர் வந்து நிற்பார். இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வரும் குரலை மூளை நேர் முன்னால் என்று எடுத்துக்கொள்வதால் இப்படி. ஆகவே நடு ஸ்பீக்கர் தேவையில்லை. தியேட்டரில் அது இருப்பதற்குக் காரணம், ஓரத்து இருக்கைக்காரருக்கும் வசனம் திரையிலிருந்து வர வேண்டும் என்பது. அறையிலும் இந்தச் சிக்கல் உண்டு: மூன்று பேர் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தால் நடுவில் இருப்பவருக்குத்தான் முழுச் சுகம். முறை வைத்து மாறி உட்காரலாம். பேஸ் போதவில்லை என்று தோன்றினால் அடுத்த வருடம் ஒரு சின்ன சப் வூஃபர் சேர்த்துக்கொள்ளலாம். அது 2.1.

அப்படியானால் பின்னாலிருந்து வரும் சத்தம்? அதற்கு ஹெட்செட். இரண்டு காதுக்கும் நேரடியாக ஒலியைக் கொடுத்துவிட்டால், நேர வித்தியாசம், சத்த வித்தியாசம், காது மடல் செய்யும் மாற்றம் மூன்றையும் கணினியே போட்டுக் கலந்து அனுப்ப முடியும். பொம்மைத் தலை ஒன்று செய்து, அதன் இரண்டு காதுக்குள்ளும் மைக் வைத்துப் பதிவு செய்வதும் உண்டு. அதைக் கேட்டால் யாரோ பின்னால் வந்து காதோரம் கத்தரிக்கோலைச் சொடுக்குவது மாதிரி உடம்பு சிலிர்க்கும். ஆனால் எல்லார் காது மடலும் ஒரே அச்சு இல்லை. ஒருவருக்குத் தத்ரூபமாகப் பின்னால் கேட்பது இன்னொருவருக்கு உச்சந்தலைக்குள் கேட்கும். யூடியூபில் '8டி பாட்டு' என்று வருகிறதே, அதில் எட்டுப் பரிமாணமெல்லாம் இல்லை. பாட்டை இடக்காதுக்கும் வலக்காதுக்கும் மாறி மாறிச் சுழற்றி, கொஞ்சம் எதிரொலி சேர்த்திருப்பார்கள். ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் மாட்டிக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்: சத்தம் ஏறும், இறங்கும், அவ்வளவே.

ஸ்பீக்கர்தான் என்று முடிவானால் ராத்திரி பத்து மணியை மறக்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிகளில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஹாஸ்டல் விதி அதைவிடக் கடுமையாக இருக்கும். பாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்து அறையில் போய் நின்று கேட்கச் சொல்லுங்கள். குரல் கேட்காது, வயலின் கேட்காது. 'தும் தும்' மட்டும் கேட்கும். செங்கல் சுவர் கீச்சு ஒலிகளை நிறுத்திவிடுகிறது, பேஸை அவ்வளவாக நிறுத்த முடிவதில்லை. பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் சப் வூஃபரின் கால்களுக்கடியில் வைத்தால் தரை வழியாகக் கீழ்மாடிக்கு இறங்கும் அதிர்வு குறையும். காற்று வழியாகச் சுவர் தாண்டிப் போவது அதனால் குறையாது. அதைக் குறைக்கப் பெட்டியின் பின்பக்கம் 'பேஸ்' என்று எழுதிய குமிழ் இருக்கிறது, அதை இடப்பக்கம் திருப்ப வேண்டும்.